காதுக்குள் ஒருத்தி பொய் சொல்கிறாள்

அந்த இயர்பட்டைக் காதில் மாட்டினால் போதும், உள்ளே இருந்து ஒருத்தி இங்கிலீஷில் "கனெக்டட்" என்பாள். போனை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் கனெக்ட் ஆகியிருக்காது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! நானும் பொய்க்காரிகளைப் பார்க்காதவள் இல்லை. பட்டாசுக் கம்பெனி கேட்டில் பொம்பளை ஆட்களைச் சோதனை போட்டு உள்ளே விடுவதுதான் என் வேலை. இடுப்பில் போனைச் சொருகிக்கொண்டு "ஒண்ணும் இல்லக்கா" என்று பல்லைக் காட்டுகிறவளை அவள் நடையை வைத்தே பிடித்துவிடுவேன். முகமே இல்லாத இவளை எங்கே போய்ப் பிடிப்பது?

என் பெயர் முத்துப்பேச்சி. ஊர் ஆமத்தூர். காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடும். கேட்டுக்கு வெளியே எனக்கென்று ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேசை, தலைவலி வருகிற சத்தத்தோடு ஓடும் ஒரு பழைய ஃபேன், சுவரோரம் பொந்து பொந்தாக அடித்த மர அலமாரி. உள்ளே வெடிமருந்து புழங்குகிற இடம். தீப்பெட்டி, போன், நைலான் சேலை எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. வருகிற ஒவ்வொருத்தியும் போனை அமத்தி என் கையில் கொடுக்க வேண்டும். நான் பொந்தில் வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பேன். சாயங்காலம் வரைக்கும் அத்தனை போனும் செத்த மாதிரி கிடக்கும். ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள் என்பதால் என் போன் ஒன்றுக்குத்தான் உயிர் இருக்கும்.

ஆட்கள் உள்ளே போன பிறகு பேச்சுத் துணைக்கு நாதி கிடையாது. எப்போதாவது ஃபோர்மேன் செல்லப்பாண்டி வந்து எட்டிப் பார்ப்பார், ஒரு அதட்டல் போடுவார், போய்விடுவார். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகன் மணிகண்டராஜ் சென்னையில் இருக்கிறான். போனில் கோளாறு என்று கூப்பிடுகிற ஜனங்களுக்கு இதைச் செய்யுங்கள் அதைச் செய்யுங்கள் என்று வழி சொல்லுகிற வேலை. காலையில் காதில் மாட்டினால் இருட்டுகிற வரைக்கும் யார் யாரிடமோ பேச வேண்டும். அதனால் வீட்டுக்குப் பேச அவனிடம் பேச்சு மிச்சம் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்டியாம்மா? ஒடம்பு நல்லாருக்கா? வேற என்ன?" என்பான். இந்த 'வேற என்ன' இருக்கிறதே, அது கேள்வி இல்லை. வைக்கப்போகிறேன் என்று அர்த்தம். நானும் வேற ஒன்றும் இல்லை என்று வைத்துவிடுவேன்.

என் போன் ஒருநாள் கைதவறி விழுந்தது. அதிலிருந்து காதில் வைத்தால் சத்தம் வராது, ஸ்பீக்கரில் போட்டால்தான் வரும். ரிப்பேருக்குக் கொடுத்தால் ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது? அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். மகன் மணிக்குத்தான் அது ஆகவில்லை.

"யம்மா, நீ ஸ்பீக்கர்ல போட்டா அந்த ஃபேன் பேசுறதுதான் எனக்குக் கேக்குது. ஒரு இயர்பட் அனுப்புறேன். மாட்டிக்கோ. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் சும்மாதான் இருப்பேன், டெய்லி பேசலாம்."

டெய்லி பேசலாம் என்றான். அந்த வார்த்தை போதும் எனக்கு. பார்சல் வருகிற வரைக்கும் கேட்டில் எவளையும் நான் அதட்டவில்லை. "என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

பார்சல் வந்த அன்று சாயங்காலம், போனை வாங்க வந்த யோகேஸ்வரியிடம் காட்டினேன். பட்டாசுக்குத் திரி ஏற்றுகிற ஷெட்டில் வேலை பார்ப்பவள், சூட்டிகையான பிள்ளை. சோப்பு வில்லை மாதிரி ஒரு வெள்ளை டப்பா, அதற்குள் ரெண்டு குட்டி சமாச்சாரங்கள். "யக்கா, மொதல்ல இது நல்ல சரக்கான்னு பாப்போம்" என்று தன் போனில் இணைத்து ஒரு பாட்டுப் போட்டாள். பாடியது. பிறகு என் போனில் இணைத்தாள். அதிலும் பாடியது. "முடிஞ்சிச்சு. இனி மாட்டினா அதுவாப் பேசும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் காதில் மாட்டினேன். "கனெக்டட்" என்றாள் காதுக்குள் இருப்பவள். போனில் புளூடூத்தைப் போட்டேன். போனோ இல்லவே இல்லை என்றது. மணி கூப்பிட்டான், சத்தம் பழையபடி ஸ்பீக்கரில்தான் வந்தது.

"கனெக்ட் ஆகலையாம்மா? சரி, ஸ்பீக்கர்லயே இரு. அந்த ஃபேன மொதல்ல அமத்து. டப்பாவத் திறங்க."

"யாருலே திறங்க? நான் ஒன் அம்மாடா, கஸ்டமரு இல்ல."

சிரித்துவிட்டான். அவன் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! "பழக்கதோசம்மா. டப்பாவத் தொற. ரெண்டையும் உள்ள வை. மூடு. கொஞ்ச நேரம் பொறு."

அந்தக் கொஞ்ச நேரம் என்பது நல்ல நேரம். டப்பா மூடியிருக்கும்போது செய்ய ஒன்றும் இல்லையே? அவனும் சும்மா இருக்க மாட்டாமல் ஏதாவது சொல்லுவான். அறையில் கூடத் தங்கியிருக்கிற பையன் குறட்டை விடுகிறான், மெஸ்சில் சாம்பார் என்று வெந்நீரை ஊற்றுகிறார்கள், ஆபீசில் ஏசியைக் கூட்டி வைத்து விறைக்கவிடுகிறார்கள். நானும் பதிலுக்குச் சொல்லுவேன். ஃபேனை அமத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றைக்குச் சரியாகவில்லை. மறுநாளும் கூப்பிட்டான். "என்னம்மா, ஆச்சா?" ஆகவில்லை. போனில் அதன் பெயரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னான். என் போன் தேடிக்கொண்டே இருந்தது, அது சிக்கவில்லை. போனை அமத்தி அமத்திப் போட்டேன். அதற்கு அடுத்த நாள், சத்தம் வருகிற வலையைப் பழைய பல் பிரஷ் வைத்துத் துடை என்றான். "நீ சின்னதுல பல்லு தேய்க்க எம்புட்டு அழிச்சாட்டியம் பண்ணுவ, ஞாபகம் இருக்காலே?" என்றேன். "துடைம்மா மொதல்ல" என்றான், ஆனால் வைத்துவிட அவசரப்படவில்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், வீட்டில் வைத்துச் சேர்த்தால் அந்தச் சனியன் ஒழுங்காகப் பாடும். கம்பெனியில் வந்து மாட்டினால்தான் மக்கர். "அங்கன ஏதோ ஒண்ணு இடைஞ்சலா இருக்கும்மா" என்று மணி யோசித்தான். கம்பெனியில் உயரமாக நிற்பது இடிதாங்கி ஒன்றுதான். "இடிதாங்கிதான்டா இழுத்துக்கிருது" என்றேன். அவன் சிரித்து மாளவில்லை. பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தான்.

யோகேஸ்வரியிடம் கேட்டிருக்கலாம். தினம் காலையில் என் கையைத் தாண்டித்தான் போகிறாள். கேட்கவில்லை. பெற்ற மகன் சொல்லிக்கொடுக்கும்போது ஊராளிடம் எதற்குக் கேட்பது?

டப்பா மூடியிருந்த ஒரு மத்தியானம் அவன் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னான். என் போன் அடிக்க மாட்டேன் என்கிறது, என்ன கோளாறு என்று பாருங்கள் என்று அவனைக் கூப்பிட்டாராம். இவனும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். எல்லாம் சரியாக இருந்ததாம்.

"அப்பறம் என்னதான்டா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லம்மா. அவர யாரும் கூப்பிடல, அம்புட்டுதான். அத எப்படி அவருட்ட சொல்றது? நானே அடிச்சுப் பாத்தேன். 'அடிக்குதுப்பா, அடிக்குதுப்பா'ன்னு அப்பிடி ஒரு சந்தோசம் அவருக்கு."

"பாவம்டா" என்றேன். கொட்டகைக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறக்கச் சொன்னான், திறந்தேன்.

பிறகு ஒருநாள், அவன் கூப்பிடுவதற்கு முன்பே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல அந்தப் பொய்க்காரி கனெக்டட் என்றாள். "எங்கனடி கனெக்டடு? வெளிய வாடி, வெளக்கமாறு பிஞ்சிரும்" என்று வைதுகொண்டிருக்கும்போதே காதுக்குள் ரிங் அடித்தது. பதறிப்போய் இயர்பட்டைத் தட்டினேன்.

"யம்மா" என்றது குரல்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. அத்தனை கிட்டத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருசம் ஆகிறது? "என்னய்யா" என்றேன். அதற்கப்புறம்தான் அது சின்னப் பிள்ளையின் குரல் என்பதே உறைத்தது.

"யம்மா, காய்ச்சல் விட்ருச்சும்மா. கஞ்சி குடிச்சிட்டேன். நீ சாப்டியா?"

மேசையில் என் போன் சும்மா கிடந்தது. "யாராத்தா நீ?" என்றேன்.

"பிரீத்திகா. நீங்க யாரு? எங்கம்மா எங்க?"

பயந்துவிட்டது பிள்ளை. "நான் கேட்டுல இருக்கேன்தா, முத்துப்பேச்சி அத்தை. ஒங்கம்மா உள்ள வேலையா இருக்கா. காய்ச்சல் விட்ருச்சுன்னு நான் சொல்லிருதேன். நீ படுத்துத் தூங்கு, என்னத்தா?" என்று சொல்லி வைக்கச் சொன்னேன். எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தால், யோகேஸ்வரியின் பொந்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அத்தனை போனும் செத்துக் கிடக்க, அது மட்டும் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அப்போதுதான் விளங்கியது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று என் போனில் புளூடூத்தை அமத்தி வைத்திருப்பேன். இயர்பட்டை மாட்டிவிட்டுத்தான் போனில் அதைப் போடுவேன். அதற்குள் அது யோகேஸ்வரியின் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். காதுக்குள் இருந்தவள் சொன்னது உண்மைதான். கனெக்டட்தான், என்னோடு இல்லை.

சாயங்காலம் யோகேஸ்வரியைத் தனியாக நிறுத்தி, காய்ச்சல் விட்ட சேதியைச் சொல்லிவிட்டு ஒரு பிடி பிடித்தேன். "ஏட்டி, அமத்துனேன்னு எங்கிட்டயே புளுகுறியா? செல்லப்பாண்டி பாத்தாருன்னா ஒன் வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும்!"

அவள் கண் கலங்கிவிட்டாள். "யக்கா, அவருட்ட சொல்லிராதீக. பிள்ள இத்தன நாளாக் காய்ச்சலோட ஒத்தையில கெடந்தா. சத்தத்த மட்டும் அமத்தி வச்சேன். அவ கூப்பிட்டிருந்தா வெளிய வரையிலயாச்சும் தெரியுமேன்னு..."

"கழுத, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? என் நம்பர அவகிட்டக் குடு. ஏதாச்சும்னா என்னையக் கூப்பிடட்டும், நான் ஆள் விட்டு ஒன்ட்ட சொல்லுதேன். அதுக்காகப் போன உசிரோட குடுப்பியா?"

அவள் அங்கேயே தன் போனிலிருந்து இயர்பட்டின் பெயரை எடுத்துவிட்டாள். மறுநாள் அவளுடைய போன் முறைப்படி செத்துத்தான் என் கைக்கு வந்தது.

அன்று மத்தியானம் மணி கூப்பிட்டான். காதைத் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவன் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"கேக்குதாம்மா?"

"கேக்குதுலே! நல்லாக் கேக்குது!" என்று கத்தினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப இடிதாங்கி தப்பிச்சிருச்சு" என்று சிரித்தான். "எனக்கும் சூப்பரா கேக்குதும்மா. ஃபேன் ஓடுதா இல்லையான்னே தெரியல. ஒன் குரல் மட்டுந்தான் வருது. இது அப்பிடித்தான், மத்த சத்தத்த எல்லாம் வடிகட்டிரும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, இனிமேல் சாவகாசமாகப் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

"சரிம்மா, பிரச்சினை முடிஞ்சது. வேற என்ன?" என்றான்.

வேற ஒன்றும் இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பிரீத்திகாதான் ஒருதடவை கூப்பிட்டாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் அத்தை, அம்மாட்ட சொல்லிருங்க என்று. அவளும் பள்ளிக்கூடம் போய்விட்ட பிறகு என் போனை நான் எதற்குத் தூக்கிச் சுமக்கிறேன் என்று ஆகிவிட்டது. ஆனாலும் மத்தியானம் ஆனால் இயர்பட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். "கனெக்டட்" என்பாள். போனும் ஆமாம் என்று சொல்லும். சார்ஜ் நிறைய இருக்கும். டவர் முழுசாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். மனசு விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பேசினான். சாப்டியா, ஒடம்பு எப்படி, வேற என்ன. நல்ல பிள்ளைதான். அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குறை சொல்லவும் ஏதாவது இருக்க வேண்டுமே?

திங்கட்கிழமை காலையில் யோகேஸ்வரி போனைக் கொடுக்கும்போது, சோதனை போடுகிற சாக்கில் அவளை ஓரமாக நிறுத்தினேன்.

"ஏத்தா, அந்த இயர்பட்ட ஒன் போன்ல திரும்பச் சேத்து விடுதியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குக்கா? ஒங்க போன்லதான் நல்லாப் பேசுதே?"

"நல்லாப் பேசுது. அவன் பேசலையே? கெட்டுப் போயிருந்தப்ப டெய்லி கூப்பிட்டான்டி."

"நீங்களாக் கூப்பிட வேண்டியதுதான? பெத்த பிள்ளகிட்டப் பேசுறதுக்கு என்ன?"

"கூப்பிட்டா என்னம்மா விஷயம்பான். விஷயம் வேணும்லட்டி? எங்கிட்ட என்ன விஷயம் இருக்கு? காலம்பூரா இந்தப் பொந்தையும் ஃபேனையுந்தான பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன வேடிக்க? ஒவ்வொருத்தியா வாங்க!" என்று அதட்டினேன். யோகேஸ்வரி என் கையை ஒருதடவை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் நானே கூப்பிட்டேன். இயர்பட் ரெண்டும் காதில்தான் இருந்தன. ஒளிவு மறைவு எதற்கு, பொய் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"என்னம்மா, என்ன விஷயம்?" பயந்துபோன குரல். இந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை.

"லே, அது திரும்பவும் போச்சுலே. கனெக்ட் ஆகவே மாட்டேங்குது."

"அய்ய, அப்பிடியா? இப்ப ஸ்பீக்கர்லதான பேசுற?"

"ஆமா."

"சரி. டப்பாவத் தொற."

டப்பா காலியாக மேசையில் கிடந்தது. "தொறந்தாச்சு" என்றேன்.

"ரெண்டையும் உள்ள வை. வச்சு மூடு."

"மூடியாச்சு."

"கொஞ்ச நேரம் பொறு."

பொறுத்தேன். காதுக்குள் அவன் மூச்சு கேட்டது. ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம் கேட்டது. சாம்பாரைப் பற்றி ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஸ்பூன் சத்தம் நின்றது.

"யம்மா."

"என்னய்யா?"

"ஃபேன் ஓடலையா?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தை ஆட்டி ஆட்டி, ஊருக்கே கேட்கிற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது பாழாய்ப் போன ஃபேன். ஸ்பீக்கராக இருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்டில் நின்று எத்தனை பேருடைய புளுகைப் பிடித்திருப்பேன், என் புளுகு இப்படியா பிடிபட வேண்டும்? வழக்கம்போல அமத்திவிட்டேன் என்று சொல்லலாம்தான். வாய் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"யம்மா, இது ஒரே நாள்ல சரியாகுற கோளாறு இல்ல போலருக்கு" என்றான். "நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுறேன். பாப்போம்."

"நாளைக்கும் சரியாகலைன்னா?"

"நாளான்னைக்கும் கூப்பிடுறேன்."

நான் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"நீ சாப்டியா?" என்றான்.

"இனிமேத்தான்."

"எடுத்து வச்சுச் சாப்பிடு. நான் லைன்லதான் இருக்கேன்."

தூக்குச்சட்டியைத் திறந்தேன். காலையில் கிளறிய புளிச்சோறு. காதுக்குள் மறுபடியும் ஸ்பூன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.